நாலு நாசிலும் அணைக்காத சூடமும்

டீசல் மெக்கானிக் நாச்சிமுத்து மேஸ்திரி இறந்த செய்தி எனக்குக் கடையில் வைத்துத்தான் வந்தது. செவ்வாய்ப்பேட்டையில் நான் வேலை பார்க்கும் உதிரிபாகக் கடைக்குக் காலையில் ஒரு லாரிக்காரர் வந்தார். இன்ஜெக்டருக்கு அடியில் போடும் செம்பு வாஷர் வேண்டும் என்றார். நான் டப்பாவைத் துழாவிக்கொண்டிருந்தபோது, "மேஸ்திரி பட்டறை பூட்டிக் கெடக்குதுங்களே, உங்களுக்குச் சேதி வல்லீங்களா? வெடியக்காலம் போயிட்டாருங்களாமா" என்றார். கையில் எடுத்த வாஷரை அவரிடம் கொடுத்தேன். அடுத்து நின்றவருக்கு ஃபில்டர் எடுத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், கோபம்தான் வந்தது. ஒரு வார்த்தை சொல்லாமலே போயிட்டீங்களே மேஸ்திரி என்று வயிறு எரிந்தது.

பட்டறைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து அவருக்கு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன், பேச்சு வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன். துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று நினைத்துக்கொண்டு, "பரவால்லீங்க, நீங்கதான் அவருக்கு ரொம்ப நெருக்கம், நினைவு மலருக்கு எழுதிக் குடுத்துருங்க" என்றார்கள். எழுதுகிறேன். நெருக்கமாக இருந்தது நிஜம்தான். தள்ளி நின்றிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அன்றைக்குப் பேசிய அத்தனை பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னீர்கள். மேஸ்திரி எந்த வண்டிக்கு நாசில் மாற்றினாலும் புது நாசில் பொட்டலத்தை வண்டிக்காரர் கையில் கொடுத்துத்தான் பிரிக்கச் சொல்வார், அவர் கண் முன்னால்தான் பூட்டுவார், பூட்டிய இன்ஜெக்டரை அவர் கையாலேயே இன்ஜினுக்குள் இறக்கச் சொல்வார் என்றீர்கள். அப்படி ஒரு நேர்மையைச் சேலம் ஜில்லாவில் பார்க்க முடியாது என்றீர்கள். பொய் இல்லை. ஆனால் அந்தப் பழக்கம் அவருக்கு எப்போது வந்தது, எதனால் வந்தது என்று யாரும் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மத்தியானம் கறுப்புப் புகை கக்கிக்கொண்டிருந்த என் பிக்கப்பை அவர் பட்டறை வாசலில் நிறுத்தினேன். எனக்குச் சொந்த ஊர் நாமகிரிப்பேட்டை. மஞ்சள் விளைகிற கொஞ்சம் நிலம் இருந்தது, அது அண்ணனுக்கே சரியாக இருந்தது. எனக்கு மண்ணைவிட வண்டிதான் பிடித்தது. ஜீப் மூஞ்சி வைத்த அந்தப் பிக்கப் என் கைக்கு வரும்போதே கிழம். அதன் பெட்ரோல் இன்ஜினை யாரோ எப்போதோ தூக்கி எறிந்துவிட்டு டீசல் இன்ஜினை உட்காரவைத்திருந்தார்கள். பாடிக்கு ஒரு வயது, இன்ஜினுக்கு வேறொரு வயது. மேஸ்திரி அப்போது தூக்குப்போசியில் சோறு தின்றுகொண்டிருந்தார். எழுந்து வரவில்லை. புகையை மட்டும் பார்த்தார். "கறுப்பா வந்தா டீசல் அதிகமுங்க. வெள்ளையா வந்தா சரியா எரியலீங்க. நீலமா வந்தா ஊட்டுக்குப் போயி சோறு தின்னுட்டு வாங்க, நேரமாகும்" என்றார். நான் சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து நான் அவருக்கு மாப்ள, அவர் எனக்கு மேஸ்திரி. எங்களுக்குள் எந்தச் சொந்தமும் கிடையாது.

அன்றைக்கு ஒரு இன்ஜெக்டர் கரி பிடித்து இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. வேறு பட்டறையாக இருந்தால் சுத்தியலை எடுத்திருப்பார்கள். எனக்கு அவசரம். நானே கேட்டேன், ஒரு தட்டுத் தட்டினால் வந்துவிடாதா என்று. "அடிச்சா வந்துரும் மாப்ள. ஆனா எது வரும்னு சொல்ல முடியாதுங்க" என்றார். சுற்றிலும் மண்ணெண்ணெயை ஊற்றி ஊறவிட்டார். பிறகு ஸ்பேனரைப் போட்டு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று பல்லை ஆட்டுவதுபோல் ஆட்டிக்கொண்டே இருந்தார். சாயங்காலம் தானாகக் கையோடு வந்தது. குழிக்குள் தங்கிவிட்ட பழைய வாஷரை வளைத்த கம்பியால் கொக்கி போட்டு எடுத்தார். சும்மா சொல்லக்கூடாது, பொறுமை என்றால் அப்படி ஒரு பொறுமை.

நாசில் என்பது என்ன என்று பட்டறைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த மலரை அவர் வீட்டார், சொந்தபந்தம் எல்லாரும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். டீசலைச் சிலிண்டருக்குள் புகைபோலப் பீய்ச்சுகிற சாமான் இன்ஜெக்டர். அதன் நுனியில் சுண்டுவிரல் அளவுகூட இல்லாத ஒரு துண்டுதான் நாசில். அதன் வாய் தேய்ந்துவிட்டால் டீசல் பீய்ச்சாது, சொட்டும். சொட்டிக்கொண்டே ஓடினால் ஒரு நாள் பிஸ்டன் தலை வெந்து ஓட்டை விழும். நாசிலை உள்ளே வைத்து மேலே மூடியைப் போட்டு முறுக்கிவிட்டால், உள்ளே இருப்பது புதிதா பழையதா என்று வெளியிலிருந்து எந்தக் கொம்பனுக்கும் தெரியாது. போட்ட கைக்கு மட்டும்தான் தெரியும்.

அதனாலேயே எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. கழற்றிய பழைய சாமானை வண்டிக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். பழையது கையில் இருந்தால் புதியது வண்டியில் இருக்கிறது என்று அர்த்தம். மேஸ்திரி அதில் கறார். டீசலில் கழுவி, துடைத்து, செய்தித்தாளில் மடித்து, "உங்க சாமானுங்க, உங்க ஊட்டுக்கே போகட்டும்" என்று கொடுப்பார். என் வீட்டு அலமாரியில் அப்படிப் பல பொட்டலங்கள் கிடந்தன. என் மனைவி அவற்றை எறியச் சொல்லிச் சண்டை போடுவாள்.

அவருக்கு என் மேல் பிரியம் இருந்தது. அதை மறைத்து எழுதினால் என் கை அழுகிவிடும். என் அப்பா இறந்தபோது பட்டறையைப் பூட்டிவிட்டு நாமகிரிப்பேட்டைக்குப் பஸ் ஏறி வந்தவர், காரியம் முடியும்வரை பந்தலிலேயே கிடந்தார். வந்தவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தார், ராத்திரி பெஞ்சில் படுத்துக்கொண்டார். என் அண்ணன்கூட அத்தனை வேலை செய்யவில்லை.

ஆனால் அந்தப் பிரியத்துக்கு ஒரு குணம் இருந்தது. என் வண்டி எப்போது போனாலும் கடைசியாகத்தான் பார்ப்பார். பின்னால் வந்த வண்டியெல்லாம் முன்னால் போகும். கேட்டால், "மாப்ள வண்டிதானுங்களே, நிக்கட்டும். அது நம்ம ஊட்டு வண்டி" என்பார். எனக்கு அது பெருமையாக இருந்தது. நாலு பேர் முன்னால் ஒருவர் உன் வண்டியை நம் வீட்டு வண்டி என்றால் யாருக்குத்தான் இனிக்காது? என் மனைவிதான் ஒரு நாள் சொன்னாள், "ஏனுங்க, நீங்க எப்பவும் கடைசிப் பந்தியிலதான் உக்காருவீங்களா?" என்று. அவளை அதட்டினேன். உனக்கு என்ன தெரியும் என்றேன். அவளுக்குத்தான் தெரிந்திருக்கிறது.

எண்பதுகள் பிறந்தபோது நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைகள் பெருகின. குஞ்சு பொரிக்கும் பண்ணை ஒன்றில் எனக்கு நிரந்தரமாக ஓட்டம் கிடைத்தது. பொரித்த அன்றே குஞ்சுகளை ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிகளில் அடைத்துக் கொடுப்பார்கள். விடியலில் ஏற்றி, சேலம் தாண்டி, தொப்பூர் கணவாய் ஏறி, வெயில் உறைக்கும் முன் தர்மபுரிப் பக்கத்துப் பண்ணைகளில் இறக்கிவிட வேண்டும். வண்டி நிற்கக் கூடாது. அந்த வேலைக்கு அது ஒன்றுதான் நிபந்தனை. என் குடும்பமே அந்த ஓட்டத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அதனால்தான் புகை லேசாகக் கறுத்தவுடனே நாசிலை மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். அப்போதெல்லாம் நல்ல நாசில் கேட்டவுடன் கிடைக்காது. இப்போது நான் வேலை பார்க்கும் இந்தக் கடையின் முதலாளி அர்த்தநாரி அண்ணனிடம் சொல்லிவைத்து, நாலு நாசில் கொண்ட ஒரு செட் வந்ததும் வாங்கி, பொட்டலத்தை மேஸ்திரி கையில் கொடுத்தேன். பார்த்தவுடன், "அட, இதுக்குத்தான் ஊரே நாயா அலையுது, உங்களுக்கு எப்புடிங்க கெடைச்சது?" என்றார். நாசில் மாற்றுவதைக் கூடவே இருந்து பார்க்கிறேன் என்றேன். "நீங்க எதுக்குங்க இந்தப் புழுதியில காத்துக் கெடக்கறீங்க? அக்கா ஊட்டுக்குப் போயி சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தார். அஸ்தம்பட்டியில் என் அக்கா வீடு. போனேன், சாப்பிட்டேன், தூங்கினேன். நிம்மதியாகத் தூங்கினேன் என்பதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

திரும்பி வந்தபோது வண்டி தயாராக இருந்தது. ஸ்டார்ட் செய்தேன். சத்தம் கொஞ்சம் கரகரவென்று இருந்ததாகத் தோன்றியது. "புது நாசிலு படியோணுமுங்க, நாலஞ்சு ஓட்டம் போனா சரியாயிரும்" என்றார். பழைய நாசில் எங்கே என்று கேட்டேன். "அதையா? கரி புடிச்சுக் கெடந்துது, குப்பையில போட்டுட்டனுங்க" என்றார். அத்தனை வருடத்தில் அவர் பழைய சாமானைத் திருப்பிக் கொடுக்காத ஒரே நாள் அதுதான். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. வீட்டுக்குக் குப்பை ஒன்று குறைந்தது என்று சந்தோஷமாகக் கிளம்பினேன்.

அந்த வாரத்திலேயே தொப்பூர் ஏற்றத்தில், பாதி மலையில், ஒரு சத்தம் கேட்டது. பின்னால் நீலமும் வெள்ளையுமாகப் புகை சூழ்ந்தது. வண்டி இழுக்கவில்லை. ஓரம் கட்டி மூடியைத் திறந்தேன், ஆயில் கொட்டிக்கொண்டிருந்தது. பின்னால் பெட்டிகளுக்குள் குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. பங்குனி வெயில். பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பாலத்துக்கு அடியில் நிழலில் வைத்தேன். போகிற லாரிக்கெல்லாம் கையைக் காட்டினேன். ஏற்றத்தில் எவன் நிறுத்துவான்? குடிக்க வைத்திருந்த தண்ணீரைப் பெட்டிகளைச் சுற்றித் தெளித்தேன். முதலில் பெருஞ்சத்தமாக இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தேன். மஞ்சள் மஞ்சளாக ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. அதற்குமேல் திறக்கவில்லை. ஒரு காய்கறி வண்டி இரக்கப்பட்டு நின்றபோது, கத்துகிற பெட்டிகள் மிகக் குறைவாகவே இருந்தன.

பண்ணை முதலாளி சத்தம்கூடப் போடவில்லை. "உங்களைக் குத்தம் சொல்லலீங்க. ஆனா வேற வண்டி பாத்துக்கறமுங்க. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். இவ்வளவு மரியாதையாக வேறு எந்த ஊரிலும் ஒருவன் சோற்றில் மண்ணைப் போட மாட்டார்கள்.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் மலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். பிஸ்டனில் ஓட்டை. அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டரைப் பிரித்துப் பார்த்தவர், "இந்த நாசிலை எப்பண்ணா போட்டீங்க?" என்று கேட்டார். போன வாரம், புதுசு என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மற்ற மூன்றையும் பிரித்து வரிசையாகத் துணிமேல் வைத்தார். "எவன் சொன்னான் புதுசுன்னு? நாலும் தேஞ்சது. இது வாய் போயி சொட்டியிருக்குது. சுத்தமா கழுவிப் போட்டிருக்கான், அவ்வளவுதான்" என்றார்.

நாலு நாசிலையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினேன். அன்று வெள்ளிக்கிழமை. மேஸ்திரி பட்டறையில் முனியப்பன் படத்துக்குப் பூசை நடந்துகொண்டிருந்தது. தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. நான் நாசிலை எடுத்து அவர் முன்னால் பெஞ்சில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். குஞ்சுகளைப் பற்றியும் சொன்னேன். அவர் நாசிலைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க குடுத்ததைத்தானுங்க போட்டேன்" என்றார். "கடைக்காரன் பழசைத் தொடைச்சுப் புதுசுன்னு தலையில கட்டியிருப்பான். நான் பொட்டலத்தைப் பிரிச்சேன், போட்டேன். அவ்வளவுதானுங்க மாப்ள."

"மேஸ்திரி, நீங்க பாத்தா தெரியாதுங்களா, புதுசா பழசான்னு?"

"என்னைச் சந்தேகப்படறீங்களா?" என்று கேட்டார். "சரிங்க. முனியப்பன் சாட்சியா சூடம் அணைச்சுச் சத்தியம் பண்றேன். அப்ப நம்புவீங்களா?" என்று தட்டின் பக்கம் திரும்பி வலது கையை ஓங்கினார்.

எங்கள் பக்கம் அது விளையாட்டு இல்லை. எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்து ஒருவர் சத்தியம் செய்துவிட்டால் அதற்குமேல் பேச்சு கிடையாது. பொய்யாகச் செய்தால் குடும்பமே விளங்காது என்பது நம்பிக்கை. அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். ஒரு நாசிலுக்காக இந்த மனுசனைச் சத்தியம்வரை இழுத்துவிட்டோமே என்று எனக்குப் பதறிவிட்டது. பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். "வேண்டாமுங்க மேஸ்திரி. உங்க வார்த்தை போதும்" என்றேன். அழுதுவிட்டேன். அவர் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார். டீ வாங்கிவரச் சொன்னார். நான் அந்த டீயைக் குடித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த நாள் காலையில், பெஞ்சிலிருந்து எடுத்து வந்த அந்த நாசில்களோடு அர்த்தநாரி அண்ணன் கடை வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். நான் ஓய்ந்ததும், "நான் விக்கற நாசில்ல எல்லாம் கழுத்துக்குக் கீழ மூணு புள்ளி அடிச்சுத்தானுங்க குடுக்கறேன். நாளைக்கு ஒருத்தர் வந்து உன் சாமான்தான்னு சொன்னா எனக்கு அடையாளம் வேணுமில்லீங்களா? உங்ககிட்ட இருக்கறதை எடுங்க, பாப்போம்" என்றார். சட்டைப்பையிலிருந்து எடுத்து விளக்கு வெளிச்சத்தில் உருட்டி உருட்டிப் பார்த்தேன். ஒன்றில்கூடப் புள்ளி இல்லை. மேஸ்திரி என் பழைய நாசிலையே கழுவி எனக்குப் போட்டிருக்கிறார். புதியது வேறெங்கோ போயிருக்கிறது. தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கத்தியவனுக்குத் தண்ணீர் கொடுத்தவர் அர்த்தநாரி அண்ணன். வண்டியை விற்ற பிறகு, கடையில் வந்து நில்லுங்க என்று வேலை கொடுத்தவரும் அவர்தான்.

அந்த நாலு நாசில் எங்கே போயிற்று என்பதும் பிறகு தானாகவே கடைக்கு வந்து சேர்ந்தது. மேஸ்திரியின் பட்டறை நிற்கும் இடத்தின் சொந்தக்காரர் உங்களுக்கெல்லாம் தெரிந்தவர்தான். பெயர் வேண்டாம். அவரிடமும் என்னுடையது போலவே ஒரு பிக்கப் இருந்தது. அதன் டிரைவர் ஒரு நாள் தேய்ந்த நாசில்களைக் கொண்டுவந்து, இதேபோல் புதிது வேண்டும் என்று மேசையில் வைத்தார். எடுத்துப் பார்த்தேன். கழுத்துக்குக் கீழே மூன்று புள்ளி. எப்போது போட்டது என்று கேட்டேன். "எங்க முதலாளி பொண்ணு கல்யாணத்தப்பங்க. பொண்ணழைப்புக்கு வண்டி வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. ஊருலயே நாசிலு இல்லை. மேஸ்திரி எங்கியோ புடிச்சுக் கொண்டாந்து அன்னைக்கே போட்டுக் குடுத்துட்டாருங்க. மனுசன் கில்லாடி" என்றார். அர்த்தநாரி அண்ணன் மெதுவாகச் சொன்னார், "அந்தச் சமயத்துல எனக்கு வந்ததே ஒரு செட்டுதானுங்க. அதை உங்களுக்குத்தான் குடுத்தேன்" என்று. டிரைவர் போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னார். இப்போது அந்த வண்டிதான் பண்ணைக்குக் குஞ்சு ஓட்டுகிறதாம். என்னுடைய நாசிலில் ஓடிய வண்டி என்னுடைய சோற்றை ஏற்றிக்கொண்டு தினமும் தொப்பூர் ஏறியிருக்கிறது.

ஏன் செய்தார் என்று யோசித்து யோசித்து எனக்கே அலுத்துவிட்டது. இடத்துக்காரர் கழுத்தைப் பிடித்திருப்பார். பட்டறையைக் காலி பண்ணு என்றிருப்பார். அதெல்லாம் எனக்குப் புரிகிறது. அடுத்த செட் வந்ததும் சத்தமில்லாமல் எனக்குப் போட்டுவிடலாம் என்றும் நினைத்திருப்பார். அதுவும் புரிகிறது. எனக்குப் பொறுக்காதது வேறு. அன்று பட்டறையில் எத்தனையோ வண்டிகள் நின்றன. எத்தனையோ பேர் சாமான் இருந்தது. அவர் கை நேராக என் பொட்டலத்துக்குப் போயிருக்கிறது. மாப்ள வண்டிதானே, நிக்கட்டும், நம்ம ஊட்டு வண்டி. எதிரி வீட்டில் எடுக்கப் பயம் இருக்கும். என்னிடம் எடுக்க அவருக்கு எந்தப் பயமும் இல்லை. கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன். குஞ்சு ஓட்டத்துக்கு வேறு வண்டி வைத்துச் சமாளித்திருப்பேன். அதைத்தான் தாங்க முடியவில்லை.

போய்ச் சட்டையைப் பிடித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பிடிக்கவில்லை. அவராக வந்து, ஆமாங்க மாப்ள, நான்தான் மாத்தினேன் என்று சொல்லட்டும் என்று இருந்தேன். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான். வண்டி போனது போனதுதான். குஞ்சும் திரும்பி வராது. வார்த்தை வரலாம் இல்லையா? அவர் எங்கள் கடைக்கு வாஷர் வாங்க வருவார். "நல்லா இருக்கீங்களா மாப்ள?" என்பார். "இருக்கேனுங்க" என்பேன். வாஷரை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு போவார். அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பேன். என் மகள் கல்யாணத்துக்குக்கூட வந்தார், சாப்பிட்டார், ஆசீர்வாதம் பண்ணினார், போனார்.

அந்த நாட்களில்தான் நீங்கள் மெச்சுகிற பழக்கம் ஆரம்பித்தது. ஒரு முறை சாமான் கொடுக்கப் பட்டறைக்குப் போனேன். ஒரு லாரிக்காரரை நிறுத்திவைத்து, "நீங்களே பொட்டலத்தைப் பிரிங்க. நல்லாப் பாத்துக்குங்க. நான் பூட்டறேன், உங்க கையால எறக்குங்க. அவசரம்னா பஸ்ஸுல போங்க, வண்டியை என்கிட்ட உட்டுட்டுப் போகாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த லாரிக்காரர் புது மாப்பிள்ளை தாலியைத் தொடுவதுபோல் பயபக்தியோடு இன்ஜெக்டரைப் பிடித்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி தலையைத் தூக்கினார், வாசலில் நிற்கும் என்னைப் பார்த்தார். உடனே குனிந்து பம்ப் பைப்பை முடுக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே முடுக்கிய பைப் அது. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. என்னை ஏமாற்றிக் கற்றுக்கொண்ட நேர்மையை ஊருக்கெல்லாம் பந்தி வைத்துப் பரிமாறுகிறார். எனக்கு மட்டும் இலை போடவில்லை.

கடைசியாக அவரை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். பிழைக்க மாட்டார் என்று சொல்லிவிட்டார்கள். இன்றைக்கு எப்படியும் சொல்லிவிடுவார் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். மழை பெய்ததா என்று கேட்டார். மஞ்சள் என்ன விலை போகிறது என்று கேட்டார். சின்ன மருமகன் குடிக்கிறான் என்று வருத்தப்பட்டார். நான் எழுந்தபோது, "ஏனுங்க மாப்ள" என்று கூப்பிட்டார். நின்றேன். வெகு நேரம் என் முகத்தைப் பார்த்தார். "பாத்துப் போங்க. இந்நேரம் பஸ்ஸுல கூட்டமா இருக்கும்" என்றார். அவ்வளவுதான். படியிறங்கும்போது அவரைத் திட்டிக்கொண்டே இறங்கினேன்.

கருமாதி அன்று அவர் படத்துக்கு முன்னால் சூடம் கொளுத்தினார்கள். தட்டு ஒவ்வொருவரிடமாகச் சுற்றிக் கடைசியில் என்னிடம் வந்தது. எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நான் ஒற்றிக்கொள்ளவில்லை. தட்டைப் படத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, இப்ப அணைங்க மேஸ்திரி, இப்ப நான் உங்க கையைப் புடிக்க மாட்டேன் என்று மனதுக்குள் சொன்னேன். அவர் மனைவி பின்னாலிருந்து, "தட்டு சுடுமுங்கண்ணா, வெச்சிருங்க" என்றார். வைத்தேன். சூடம் தானாக எரிந்து தானாகத் தீர்ந்தது.

இத்தனை வருடமும் நான் என் மனைவியிடம் ஒன்றைத்தான் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தேன். நான் தடுப்பேன் என்று தெரிந்துதான் மேஸ்திரி கையை ஓங்கினார், என் பாசத்தை வைத்தே என்னை ஏமாற்றினார் என்று. அது உண்மைதான், இப்போதும் அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தட்டை வைத்துவிட்டு வந்த பிறகு அந்த வெள்ளிக்கிழமை எனக்கு இன்னொரு முறை கண் முன்னால் வந்தது. அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு பெஞ்ச் கிடந்தது. அதைச் சுற்றிக்கொண்டுதான் நான் ஓடினேன். சூடத்தை அணைக்க நினைப்பவர் அதற்குள் இரண்டு முறை அணைத்திருக்கலாம். நான் போய்ச் சேர்ந்தபோது கை ஓங்கினது ஓங்கினபடி இருந்தது, இறங்கவில்லை.

இதை வைத்துக்கொண்டு நான் அவரை மன்னித்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். பொய்ச் சத்தியம் செய்ய முடியாத மனுசனுக்கு உண்மையைச் சொல்லவும் முடிந்திருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் பொறுமை, அவர் பகடி, அந்த மண்ணெண்ணெய் வாசம் எல்லாவற்றையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்தக் கையை மட்டும்தான். இத்தனை வருடம் நான்தான் தடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பிடிப்பதற்கு முன்பே அது நின்றுவிட்டிருந்தது.